குதிகாலுக்கு மூன்று ஷீட்

பக்கிரிசாமி நொண்டத் தொடங்கியது வேறு யார் கண்ணிலும் படுவதற்குள் அவர் பெண்டாட்டி பிச்சையம்மாள் கண்ணில் பட்டுவிட்டது. ஆலையிலிருந்து லயத்து வீட்டுக்கு வருகிற செம்மண் பாதையில் மனுஷன் புல் இருக்கிற இடமாகத் தேடித் தேடிக் கால் வைத்து வந்தார். "என்னங்க காலுக்கு?" என்றாள். "ஒண்ணுமில்லை புள்ள" என்றார். ஒண்ணுமில்லையாம்! உட்கார வைத்துப் பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு குதிகாலிலும் வெடிப்பு. விரலிடுக்கில் தோல் வெந்த மாதிரி வெளுத்து உரிந்து கிடந்தது.

திகாம் பத்துவுக்குப் பக்கத்திலிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் அப்போது ஒரு ஆளுக்குக் கால் கெட்டால் காலோடு முடிகிற காரியமில்லை. ஜப்பான்காரன் வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பால் வெட்டு பாதிக்கு மேல் நின்றுவிட்டது. வெட்டு இல்லாத ஆம்பிளைகளை லோரியில் அள்ளி, சுங்கைப்பட்டாணி ஸ்டேஷனில் ரயிலேற்றி, சயாமுக்குத் தண்டவாளம் போட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மூன்று தடவை லோரி வந்து போயாயிற்று. போனவர்களில் ஒருத்தரும் திரும்பவில்லை, ஒரு கடுதாசி இல்லை. ஆலையில் நிற்கிற ஆட்களை மட்டும்தான் தொடாமல் வைத்திருந்தார்கள்.

நிற்கிற ஆட்கள் என்றால் நிஜமாகவே நிற்கிற ஆட்கள். உறைந்த பாலை உருளை மெஷினுக்குள் கொடுத்து ஷீட்டாக எடுப்பது பக்கிரிசாமியின் வேலை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை, பன்னிரண்டு மணி நேரம். கீழே சிமெண்டுத் தரை. தரை முழுக்கப் பாலும், அதை உறைய வைக்கிற புளிப்பு மருந்தும் கலந்த தண்ணீர். வெள்ளைக்காரத் துரை காலத்தில் மூலையில் ஒரு பெஞ்சாவது கிடந்தது. இவன்கள் அதையும் தூக்கி விறகாக்கிவிட்டான்கள். தோட்டத்துக் கணக்கெழுதுகிற தர்மலிங்கம் கிராணி ஒரு நாளைக்கு இரண்டு தடவை எட்டிப் பார்ப்பார். உட்கார்ந்திருக்கிறவன் பெயர் அடுத்த லோரிக்கு.

"இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்குவீங்க?" என்றாள்.

"தாங்குற வரைக்கும்" என்றார் அவர். பதில் சொல்வதில் பெரிய கெட்டிக்காரர்!

அன்றிலிருந்து பிச்சையம்மாளுக்கு வேறு நினைப்பே இல்லாமல் போனது. முதலில் சாக்கைக் கிழித்துக் காலில் சுற்றி அனுப்பினாள். அது மருந்துத் தண்ணியைக் குடித்துக்கொண்டு நாள் முழுக்கப் புண்ணிலேயே கிடந்தது. சாயங்காலம் அவிழ்த்தபோது சாக்கோடு தோலும் வந்தது. அவர் பல்லைக் கடித்தார், இவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்து, இரண்டு கூடை மரவள்ளிக் கிழங்கைக் கொடுத்துத் திகாம் பத்து சீனன் கடையில் ஒரு ஜோடி கட்டைச் செருப்பு வாங்கி வந்தாள். புண்ணுக்கு மேலே தூக்கி நிறுத்தியது உண்மைதான். ஆனால் ஈர சிமெண்டில் கட்டை நிற்குமா? மூன்றாம் நாள் சர்ரென்று வழுக்கி மெஷின் மேலேயே சாய்ந்தார். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்த மரியராஜ் சட்டென்று பிடித்து நிறுத்தியிராவிட்டால் கை மணிக்கட்டோடு உள்ளே போயிருக்கும். மரியராஜ் அடுத்த வீட்டுக்காரர். அவர் பெண்டாட்டி பிரிஜெட் சொல்லித்தான் இவளுக்கு விஷயமே தெரியும். அன்றைக்கே இரண்டு கட்டையையும் அடுப்பில் வைத்துக் கிழங்கு வேக வைத்தாள்.

பிரிஜெட் நல்ல மனசுக்காரி. புருஷன் கல்யாணத்துக்குப் போட்ட தோல் சப்பாத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். பக்கிரிசாமியின் கால் அதற்குள் பாதிதான் போனது. "ஏன்க்கா, அண்ணன் கால் இவ்வளவு சின்னதா?" என்று பிச்சையம்மாள் கேட்க, "மாதா கோயிலுக்குள்ள போறதுக்கு மட்டும்தானே வாங்கினது, அதுக்கே கடிக்குதுன்னு அழுதாரு" என்றாள் பிரிஜெட். சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பயம் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. பழைய லோரி டயர்த் துண்டு ஒன்று கிடைத்தது, அதுவும் சரிப்படவில்லை. டயருக்கென்று ஒரு வளைவு இருக்கிறதே, அது உள்ளங்காலில் கல்லாய் உறுத்தியது.

காலுக்கு ஏற்ற சாமானைத் தேடி ஊரெல்லாம் அலைந்தவள், தன் கையிலேயே அது இருக்கிறதைக் கவனிக்க இத்தனை நாளாயிற்று. பிச்சையம்மாளும் பிரிஜெட்டும் அதே ஆலையின் மறுகோடியில், ஷீட் பொறுக்குகிற மேசையில் வேலை செய்தார்கள். புகைக் கொட்டாயில் காய்ந்து வருகிற ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, குமிழியும் தூசியும் இருக்கிற இடத்தைக் கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும். ஒரு நாள் மத்தியானம் கீழே விழுந்த துண்டை எடுக்கக் குனிந்தவள், அது காலடியில் பட்டதும் அப்படியே நின்றாள். மெத்தென்று இருந்தது. சிமெண்டின் சில்லிப்பு ஏறவில்லை.

அடேயப்பா, அன்றிலிருந்து அவள் நெஞ்சு அடித்துக்கொண்ட பாடு! ஷீட் எல்லாம் ராணுவத்துச் சொத்து. போன மாசம்தான் ஒரு துண்டு மடியில் இருந்ததற்காக ஒரு ஆளை ஆலை வாசலில் கட்டிப் போட்டு இரண்டு நாள் வெயிலில் காயவிட்டார்கள். அது தெரிந்தும் அவள் எடுத்தாள். தினம் ஒரு துண்டு, சேலைக்கு உள்ளே இடுப்பைச் சுற்றி. வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறவனுக்கு மற்றவர்களைவிட இரண்டு விரற்கடை கூடுதலாகவே குனிந்து கும்பிடு போடுவாள். குனியும்போது ரப்பர் விலாவில் அழுத்தும்.

"என்ன பிச்சே, ஊரே வத்திப்போய்க் கிடக்கு, உனக்கு மட்டும் இடுப்பு பெருக்குதே. விசேஷமா?" என்று காதுக்குள் கேட்டாள் பிரிஜெட்.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்கக்கா. அண்ணனுக்கும் ஒரு ஜோடி தாரேன்."

கத்தரியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து வெட்டினால் ரப்பர் வெண்ணெயாய் வரும், அது அவளுக்குக் கைவந்த வேலை. மற்றதெல்லாம் புதிசு. பக்கிரிசாமியைக் குழாயடிச் சிமெண்டில் நிற்க வைத்து, "எங்க இடிக்குது, எங்க எரியுது, சொல்லுங்க" என்று பிடுங்கி எடுத்தாள். ஒரே ஷீட் போட்டால் தரை உறுத்தியது. ஐந்து போட்டால் கணுக்கால் ஆடியது. குதிகாலுக்கு மூன்று, முன்பாதத்துக்கு இரண்டு என்று கடைசியில் நின்றது. காலையில் எடுத்த அளவு மத்தியானம் கடித்தது, நின்று நின்று கால் வீங்கிவிடுகிறதே! சாயங்காலம் வேலை விட்டு வந்த காலுக்கு மறுபடி அளவெடுத்தாள். வாருக்குச் சைக்கிள் டியூப். ஷீட்டில் கட்டம் போட்ட மாதிரி வரி விழுந்திருக்குமே, அந்தப் பக்கத்தைத் தரைக்குத் திருப்பி வைத்தாள். ஈரத்தைப் பிடித்துக்கொண்டது, வழுக்கவில்லை. கட்டத்துக்கு நடுவே தோட்டத்தின் முத்திரையும் இருந்தது. காலுக்கு அடியில் இருப்பதை எவன் குனிந்து பார்க்கப் போகிறான் என்று விட்டுவிட்டாள்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. எவன் வந்தாலும் கழட்டாதீங்க."

"சரி சரி" என்றார்.

பத்து நாளில் வெடிப்பு மூடத் தொடங்கியது. பக்கிரிசாமி சாயங்காலம் பாதையின் நடுவிலேயே நடந்து வந்தார். ஒரு நாள் சீழ்க்கைகூட அடித்தார். பிச்சையம்மாள் ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாக வயிறு நிறையத் தண்ணீராவது குடித்தாள்.

நான்காவது லோரி ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. அதோடு ஒரு ஜப்பான் அதிகாரியும் வந்தான். ஆள் எண்ணிக்கை போதவில்லை என்று ஆபீசில் கத்திவிட்டு நேரே ஆலைக்குள் நுழைந்தான், பின்னாலேயே கிராணி. எல்லாரும் இடுப்பை மடித்துக் குனிந்தார்கள். பிச்சையம்மாளும் மேசைக்குப் பின்னால் குனிந்தாள். குனிந்தபடியே கண்ணை மட்டும் தூக்கிப் புருஷனைப் பார்த்தாள்.

மனுஷன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இருபது வருஷப் பழக்கம்! வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் ரோட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும், இல்லையென்றால் பிரம்படி. ஜப்பான்காரனுக்கு அந்தச் சட்டம் கிடையாது, குனிந்தால் போதும். ஆனால் பக்கிரிசாமியின் காலுக்கு அது எங்கே தெரியும்? எஜமான் என்றதும் தானாகக் கழற்றியது. ஒரு செருப்பு தண்ணீரில் புரண்டு, கட்டமும் முத்திரையும் மேலே தெரிய மல்லாந்து கிடந்தது.

அதிகாரி அதை எடுத்தான். கிராணியின் முகம் சாம்பலாகிவிட்டது.

"சியாப்பா பிக்கின்?" என்றான் ஓட்டை மலாயில். யார் செய்தது?

பிச்சையம்மாள் வாயைத் திறந்தாள். அந்த ஒரு மூச்சு நேரத்துக்குள் பக்கிரிசாமி அவள் பக்கம் திரும்பாமலே, "சாயா, துவான்" என்றார். நான்தான் ஐயா.

பளார் பளார் என்று இரண்டு அறை விழுந்தது. அப்புறம் அதிகாரி செருப்பை வளைத்துப் பார்த்தான். உள்ளங்கையைக் குதிகால் பக்கம் வைத்து அமுக்கினான். இன்னொரு தரம் அமுக்கினான். "பாகுஸ்" என்றான். நல்லா இருக்கிறது என்கிறான்! பிறகு கிராணியிடம் கடகடவென்று ஏதோ சொன்னான்.

"உனக்கு யோகம்டா பக்கிரி" என்றார் கிராணி. குரலில் யோகம் ஒன்றும் இல்லை. "சயாம்ல ஜனங்க செருப்பில்லாம கால் அழுகிச் சாகுறாங்களாம். செருப்பு தைக்கத் தெரிஞ்ச ஆள் வேணுமாம். களவுக்குத் தலை போகாது. ஒரு மணி நேரத்துல லோரி ஏறணும்."

பிச்சையம்மாள் ஓடி வந்து ஈரத் தரையில் விழுந்தாள். "சாயா பிக்கின், துவான்! நான் செஞ்சது! அவருக்கு ஒரு வாழையிலை நறுக்கத் தெரியாது!" அதிகாரி சிரித்தான். பெண்டாட்டி புருஷனுக்காக அழுவது அவன் எல்லாத் தோட்டத்திலும் பார்த்ததுதான். கிராணி குனிந்து அவள் தோளைப் பிடித்தார். "எந்திரிம்மா. நீ சொல்றதை அவன் நம்பினான்னு வையி, பொய் சொன்னதுக்கு இவனை இங்கேயே வெட்டுவான். திருடினதுக்கு உன்னை. வாயை மூடிக்கிட்டுப் போ."

எழுந்தாள். அழுவதற்கு ஒரு மணி நேரத்தில் இடமில்லை. அங்கே போய் இவர் கையில் ரப்பரைக் கொடுத்தால் என்ன ஆகும்? செருப்பு தைக்கத் தெரியாதவன் என்று தெரிந்த நிமிஷம் என்ன ஆகும்? மேசைக் கத்தரியைக் கேட்காமலே எடுத்தாள். லயத்து வாசலில் அவரை உட்கார வைத்து, மிச்சமிருந்த துண்டுகளையும் ஒரு குவளைத் தண்ணியையும் முன்னால் வைத்தாள்.

"நனைங்க. கத்தரியை நனைங்க. காய்ஞ்சா ஒட்டிக்கும். அளவு சாயங்காலம்தான் எடுக்கணும். சொல்லுங்க, எப்ப எடுக்கணும்?"

"சாயங்காலம்."

"குதிகாலுக்கு?"

"மூணு. முன்னால ரெண்டு." பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். அவருடைய தடித்த விரல் கத்தரியின் காதுக்குள் நுழையவே மாட்டேன் என்றது. வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. "ஏன்யா ஒத்துக்கிட்டீங்க?" என்று அவள் வெடித்துக் கேட்டாள். "உன்னையா கட்டி வெச்சு வெயில்ல காயப்போடச் சொல்றே?" என்றார். அவ்வளவுதான். அவர் தானாக ஒரு ஜோடி வெட்டி ஒட்டட்டும் என்று விட்டுவிட்டு, அவள் உள்ளே ஓடிக் கிழங்கையும் வேட்டியையும் மூட்டை கட்டினாள். வெளியே வருவதற்குள் லோரி ஹாரன் அடித்துவிட்டது. ஓட்டமாய் ஓடினார்கள். கத்தரியை அவர் மடியில் செருகிவிட்டாள். லோரி கிளம்பியது. முகத்தைச் சரியாகப் பார்த்தாளா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது வாசலில் அவர் வெட்டிய ஜோடி கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். பரவாயில்லை, ஓரம் கொஞ்சம் கோணல். குதிகாலில் மூன்று ஷீட் சரியாக ஒட்டியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டும் இடது கால்.

"ஐயோ, அதைச் சொல்லலையே!" என்று கத்திவிட்டாள். ஒரு காலுக்கு வெட்டின அச்சை மறு காலுக்குத் திருப்பிப் போட வேண்டும். அதைப் போய் ஒரு மனுஷனுக்குச் சொல்லித் தர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அங்கே முதல் ஜோடியை நீட்டியதுமே பிடிபட்டுப் போவாரே!

பிரிஜெட் கூப்பிடக் கூப்பிட நிற்காமல் ஓடினாள். திகாம் பத்து தாண்டி, சுங்கைப்பட்டாணி ரோட்டில், மத்தியான வெயிலில், வெறுங்காலோடு. ஓட முடியாதபோது நடந்தாள். ஸ்டேஷனை எட்டும்போது சாயங்காலம் ஆகியிருந்தது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அரிசி ஏற்றுகிற இரும்புப் பெட்டிகள் வரிசையாய் நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஜனம். பக்கிரிசாமி எதில் என்று யார் கண்டது?

"ஏங்க! திருப்பிப் போட்டு வெட்டணுங்க! மறு காலுக்கு அச்சைத் திருப்பிப் போடணும்!" வேலியோரமாக ஓடிக்கொண்டே கத்தினாள். இன்ஜின் ஊதியது. கடைசிப் பெட்டியின் கதவிடுக்கிலிருந்து முன்பின் தெரியாத ஒரு ஆள் முகத்தை நீட்டினார்.

"யாரும்மா வேணும்? நாங்க பாடாங் மேஹா தோட்டத்து ஆளுங்க."

"திகாம் பத்து பக்கிரிசாமி. எந்தப் பொட்டியில இருக்காரோ தெரியலைங்க."

"என்ன சொல்லணும் சொல்லு. வண்டி எங்கயாச்சும் நிக்கும், நான் தேடிச் சொல்றேன்."

"மறு செருப்புக்கு அச்சைத் திருப்பிப் போடணும்னு சொல்லுங்க!" வண்டி நகர்ந்தது. அவள் இரண்டு கையையும் சேர்த்து விரித்து, ஒரு கையை மறு கைமேல் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டே கூட ஓடினாள். அந்த ஆளுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் அவர் கதவிடுக்கில் தம் கைகளை நீட்டி, அவள் செய்த மாதிரியே திருப்பித் திருப்பிச் செய்து காட்டி, "இப்படித்தானே? இப்படித்தானேம்மா?" என்று கேட்டுக்கொண்டே போனார்.