வான் எடுக்கப் போனவன்

எந்த விழாவானாலும் துவாரகன் முடிவுவரை இருந்ததில்லை. கடைசிப் பாட்டுத் தொடங்கும்போதே எழும்பிவிடுவான். வாத்தியங்களை ஏற்ற வானை மண்டப வாசலுக்குக் கொண்டுவர வேண்டும் என்பான். பிறகு சும்மா பார்க்கப் போன படங்களிலும் அப்படித்தான். முடிவை வீட்டுக்கு வந்து நான்தான் சொல்லவேண்டியிருக்கும்.

அவன் என் கணவரின் அண்ணன் மகன். ஜேர்மனியில், ஆஹென் நகரில் எங்களோடுதான் இருந்தான். அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியில் மின்வேலை படித்தவன், அதை இடையில் விட்டுவிட்டு, பள்ளித் தோழர்கள் நால்வரின் இசைக்குழுவுக்கு மேனேஜரானான். கலியாணவீட்டுக்காரரோடு பேசுவதிலிருந்து பாடகன் தாரகனின் தொண்டைக்குச் சுடுதண்ணீர் கொண்டுபோவது வரை அவன் வேலை. ஒருநாளும் மேடையில் ஏறியதில்லை. ஆனாலும் "என்ரை குழு" என்றுதான் சொல்லுவான்.

சென்ற ஆண்டு தாரகன் ஒரு பகிடிப் படம் எடுத்தான். இளம் மேனேஜர் ஒருவன் படும் பாடுதான் கதை. துவாரகனின் அவசர நடை, போனைக் காது மாற்றி மாற்றி வைப்பது எல்லாம் அதில் இருந்தன. அவனுக்கு அதில் பெரிய சந்தோஷம். படப்பிடிப்புக்கு மண்டபம் பிடித்ததும் அவனே. கடைசிக் காட்சி எடுத்த அன்று மட்டும் அவனைச் சாப்பாடு எடுத்துவர ஒரு மணித்தியாலத் தூரத்திலுள்ள டுசல்டோர்ஃப் வரை அனுப்பியிருந்தார்கள்.

படம் காட்டிய அன்று பின்வரிசையில் அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன். முடிவு நெருங்க, வழக்கம்போல எழும்பினான்.

"இண்டைக்கு ஏத்திறதுக்கு ஒண்டுமில்லை. இரன் தம்பி" என்று கையைப் பிடித்தேன். இருந்தான்.

திரையில் மேனேஜர் வானை வாசலுக்குக் கொண்டுவந்து ஹோர்ன் அடிக்கிறான். ஒருவரும் வரவில்லை. குழு பின்வாசலால் போய்ப் பெரிய பஸ் ஒன்றில் ஏறுகிறது. பஸ் போன பிறகும் அவன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்கிறான்.

மண்டபமே சிரித்தது. துவாரகனும் சிரித்தான். முன்வரிசையில் குழுவினர் நால்வரின் தலைகளும் குனிந்திருந்தன.

வெளியே வந்து துவாரகன் தாரகனின் தோளில் தட்டினான்.

"முடிவு அந்தமாதிரியடா, நல்லாச் சிரிச்சன். ஆனா பாவம் அவன். பிறகு என்ன செய்யிறான்?"

தாரகன் கோப்பிக் குவளையைப் பார்த்தபடி சொன்னான்: "அது படம் மட்டுமில்லை மச்சான். நாங்கள் கொலோனிலை ஒரு ஏஜென்சியோடை போறம். தை மாசமே முடிவெடுத்திட்டம்."

"தை மாசமோ?"

"சொல்லுவம் எண்டு எத்தினை தரம் நிண்டனாங்கள். நீ எப்பவும் வான் எடுக்கப் போயிடுவாய்."

துவாரகனுக்குக் கோபம்கூட வரவில்லை. அந்தப் படத்துக்குச் சனத்தைக் கூப்பிட்டு ஓடித்திரிந்தவன் அவன். அந்தச் சனமெல்லாம் சிரித்து முடித்த பிறகுதான் விஷயம் அவனுக்குத் தெரிந்தது. ஒரு மனிதனிடம் இப்படியும் சொல்லுவார்களா?

"வானை எடுத்துக்கொண்டு வாறன் சித்தி" என்றான்.

வாசலுக்குக் கொண்டுவந்தான். அவன் ஹோர்ன் அடிக்க முன்னமே ஏறிவிட்டேன்.

இப்போது குழு கொலோனில் பாடுகிறது. துவாரகன் விட்ட அவுஸ்பில்டுங்கை மறுபடி தொடங்கியிருக்கிறான். வான் எங்கள் வீட்டுக்கு முன்னால் நிற்கிறது. இன்னும் விற்கவில்லை.