கியர்பாக்ஸுக்கு ஒரு கேஸ் ஷீட்

காவலாளி எல்லப்பனின் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு, பிரஷர் பட்டையைச் சுற்றி, பம்பை அழுத்திக்கொண்டிருக்கிறார் ஜெசிந்தா.

"பேசாம இரு எல்லப்பா. பேசினா ஏறும்."

எல்லப்பன் வாயை மூடிக்கொள்கிறார். தங்கள் முறைக்காகக் காத்து நிற்கும் நான்கு பேரும் எதற்கும் இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். நூற்று நாற்பது, தொண்ணூறு.

"பீடி எத்தினி?"

"ரெண்டு, சிஸ்டர்."

"நான் ஒரு மணி நேரத்துக்குக் கேக்கல. ஒரு நாளைக்கு."

இது மருத்துவமனை அல்ல. செங்கல்பட்டில் நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு கார் சர்வீஸ் சென்டரின் வாடிக்கையாளர் ஓய்வறை. மெத்தென்ற சோபா, மீன்தொட்டி, பொத்தானை அழுத்தினால் காபி என்ற பெயரில் ஏதோ ஒன்றைத் துப்பும் இயந்திரம் எல்லாம் முறைப்படி இருக்கின்றன. மதியம் இரண்டு மணிக்கு ஜெசிந்தா வருவார், ஐந்தரைக்குப் போவார். ஒன்பது நாட்களாக இதுதான் நடைமுறை. அவருடைய கார் பின்கட்டின் மூலையில் கியர்பாக்ஸ் கெட்டுப் படுத்துக் கிடக்கிறது. அதாவது கார் உள்நோயாளி, இவர் கூட இருப்பவர்.

ஜெசிந்தாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. அரசு மருத்துவமனையில் ஆண்கள் வார்டு செவிலியர். கைப்பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும், பகலில் எழுத நீலம், ராத்திரி எழுதச் சிவப்பு. வார்டில் இதுதான் வழக்கம். வீட்டிலும் அதையே சட்டமாக்கிவிட்டார். டூட்டிக்குக் கிளம்பும்போது கணவரை வாசலில் நிறுத்தி, "பால் காய்ச்சியாச்சு, மோட்டார் போட்டாச்சு, பூனை ரெண்டு தபா வந்துட்டுப் போச்சு" என்று ஒப்படைப்பார். கணவர் அதைத் திருப்பிச் சொன்னால்தான் படியிறங்குவார். யாராவது எதையாவது வாய்மொழியாக உறுதி சொன்னால் அவர் முகத்தில் ஒரு பரிதாபம் தோன்றும். "அதெல்லாம் சரி. எழுது" என்பார்.

கணவர் கிருபாகரன் அரசுப் பேருந்து ஓட்டுநர். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய் வரும் வண்டியில் இருபத்தாறு வருட சர்வீஸ். கிளட்ச் மிதிக்காத வண்டிகளைப் பற்றி அவருக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. "கியரே போடாம ஓடறது இன்னா வண்டி? அது சோபா. நாலு சக்கரம் வெச்ச சோபா."

கிளட்சுக்கும் ஜெசிந்தாவுக்கும் மட்டும் கடைசிவரை ராசியாகவில்லை. டிரைவிங் ஸ்கூல்காரர் நாற்பது நாள் சமாதானம் பேசிப் பார்த்துத் தோற்றுப்போனார். ஆகவே நாற்பத்தொன்பதாம் வயதில், சொந்தச் சம்பளத்தில், ஒரு ஆட்டோமேட்டிக் காரை வாங்கினார் ஜெசிந்தா. அன்றிலிருந்து அவர் யாருடைய பக்கத்து சீட்டிலும் உட்காரவில்லை.

இரண்டு வருடம் இரண்டு மாதம் ஆனபோது வண்டி லேசாக உதறியது, வேகம் ஏறும்போது மட்டும். வேறொருவராக இருந்தால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார். ஜெசிந்தா ஒரு நீள நோட்டு வாங்கிப் பழுப்பு அட்டை போட்டு, முதல் பக்கத்தில் வண்டி எண், வயது, நோவு என்று எழுதிக் கேஸ் ஷீட் திறந்துவிட்டார். எத்தனை மணிக்கு உதறியது, எத்தனை வினாடி, மேடா சமமா, மழையா வெயிலா, எல்லாம் ஏறியது. ஒவ்வொரு முறை சர்வீஸுக்கு விடும்போதும் அந்த நோட்டை மேனேஜர் சரவணகுமாரிடம் நீட்டுவார். பார்த்தவர் என்ன சொன்னாரோ அதை அவரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவரை சாவியைத் திரும்ப வாங்க மாட்டார். "சீல் எங்க தம்பி?" என்று வேறு கேட்பார். சரவணகுமாருக்கு முப்பத்திரண்டு வயது, நல்ல பிள்ளை. வயசான அம்மாவுக்கு ஒரு பொழுதுபோக்கு என்று நினைத்து, சிரித்துக்கொண்டே சீல் குத்தினார்.

வாரன்டி முடிந்தது. முடிந்து பத்தொன்பதாம் நாள், அந்தி மழையில், திருக்கழுக்குன்றம் சாலை வளைவில் வண்டி நின்றது. எஞ்சின் ஊரைக் கூட்டுவதுபோல் கத்துகிறது, சக்கரம் மட்டும் ஓர் அங்குலம் நகரவில்லை. பின்னால் ஒரு ஹாரன் விடாமல் அடித்தது. அரசுப் பேருந்து. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, நாற்பது பயணிகள் சாட்சியாகக் கேட்டார்:

"இன்னா சிஸ்டர், சோபா நவுர மாட்டேங்குதா?"

கிருபாகரனோடு சேர்ந்து பேருந்தே சிரித்தது. ஜெசிந்தா குடையை விரித்துக்கொண்டு இறங்கி, நோட்டை நனையாமல் பிடித்து, மணி பார்த்தார். ஆறேகால், இருட்டிவிட்டது. சிவப்புப் பேனாவை எடுத்தார்.

முழு கியர்பாக்ஸும் மாற்ற வேண்டும் என்றது சர்வீஸ் சென்டர். சொன்ன தொகை காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. கிருபாகரன் அன்றைக்கே ஒரு புரோக்கரிடம் பேசிவிட்டார். "வந்த விலைக்குத் தள்ளிட்டு, ஒழுங்கா ஒரு கியர் வண்டி வாங்கிக்கலாம். நான் ஓட்றேன், நீ குந்திகினு வா." அதுவரைக்கும் டூட்டிக்குப் போய் வர அவருடைய பேருந்து இருக்கிறது. பெண்களுக்கு அதில் கட்டணம் இல்லைதான். ஆனால் ஓட்டுநர் கணவராகவும் இருந்துவிட்டால் கட்டணம் வேறு வகையில் வசூலாகிவிடும். மூன்றே நாள் அதில் போய்வந்த ஜெசிந்தா, நான்காம் நாள் நோட்டை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனார்.

"மேடம், வாரன்டி முடிஞ்சு பத்தொம்பது நாள் ஆயிடுச்சு. கம்ப்யூட்டரே எடுத்துக்காது."

"நோவு வந்தது எப்போ, வுழுந்தது எப்போ? ரெண்டும் ஒரே தேதியா தம்பி?"

"இது தேய்மானம் மேடம்."

ஜெசிந்தா நோட்டைத் திறந்து வைத்தார். "இது யாரு கையெழுத்து?"

"என்னுது."

"இன்னா எழுதிகீற? படி."

"'உதறல் இயல்பானது. பயப்பட வேண்டாம்.'"

"தேதி?"

"போன... பிப்ரவரி."

"அடுத்த பக்கம்."

"'ஓட்ட ஓட்டச் சரியாகும்.'" சரவணகுமாரின் குரல் இறங்கியது. கீழே சீல் பளிச்சென்று விழுந்திருந்தது.

"நானும் ஓட்டிகினுதானே இருந்தேன். சரியாச்சா?"

தான் சீல் குத்திய ஒன்பது பக்கத்தையும் படமெடுத்து, ஒரு கடிதத்தோடு தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார் சரவணகுமார். பதில் வரும்வரை இருக்கிறேன் என்று சோபாவில் அமர்ந்தார் ஜெசிந்தா. கத்துகிற வாடிக்கையாளர்களைச் சமாளிக்க அங்கே ஏற்பாடு உண்டு: குளிரூட்டிய தனி அறை, மெல்லப் பேசும் ஒரு பெண், பிஸ்கட். கத்தாமல் உட்கார்ந்து ஊழியர்களுக்குப் பிரஷர் பார்க்கிறவரை என்ன செய்வது என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. காசாளர் உப்பைக் குறைத்தார். பெயின்ட் அடிக்கிறவர் கண் டாக்டரிடம் போய் வந்தார். பத்தாம் நாள் சரவணகுமாரே தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார்.

நூற்றைம்பது, நூறு.

"இது ஜாஸ்தியா சிஸ்டர்?" மேடம் எப்போது சிஸ்டர் ஆனார் என்று இருவருமே கவனிக்கவில்லை.

ஜெசிந்தா நீலப் பேனாவின் மூடியைக் கழற்றினார். "'இயல்பானது, பயப்பட வேண்டாம்'னு எழுதிக் குடுக்கட்டுமா தம்பி?"

அன்று மாலை தலைமை அலுவலகத்துக்குச் சரவணகுமாரின் இரண்டாவது கடிதம் போனது. முதல் கடிதத்தில் 'வாடிக்கையாளர் கூறுகிறார்' என்று இருந்த இடத்தில், இதில் 'நானே எழுதினேன்' என்று இருந்தது. இரண்டே நாளில் பதில் வந்தது. நிறுவனம் எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளவில்லை. வெறும் நல்லெண்ணத்தால், செலவில்லாமல், புது கியர்பாக்ஸ் மாட்டித் தருகிறது. அந்த நல்லெண்ணத்தையும் ஜெசிந்தா நோட்டில் எழுத வைத்து, சீல் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் கிருபாகரனுக்கு ஓய்வு நாள். இருவரும் கடப்பாக்கம் போய் மீன் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். ஐம்பதைத் தாண்டாமல் ஓட்டினார் ஜெசிந்தா. வண்டி வெண்ணெய்போல் போனது. கிருபாகரன் வெகுநேரமாக ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"கை வலிக்கப் போவுது ஜெசி. குடு, கொஞ்ச தூரம் நான் ஓட்றேன்."

"யாருக்குக் கை வலிக்குது?"

"பேஜாரு பண்ணாத. குடு."

சவுக்குத் தோப்போரம் இடம் மாறினார்கள். இருபது கஜம் போனதும் கிருபாகரனின் இடது கால், இருபத்தாறு வருடப் பழக்கத்தில், இல்லாத கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை ஓங்கி மிதித்தது. வண்டி அறைந்தாற்போல் நின்றது. பின்சீட்டு மீன் பை முன்சீட்டுக்கு வந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி நின்றது. மூன்றாவது முறையும் நின்றபோது, "வண்டிலதான் இன்னாவோ கீது" என்றார்.

ஜெசிந்தா சிரிக்கவில்லை. கீழே இறங்கிச் சுற்றி வந்து, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, சாலையோரத்தில் குந்தினார். கணவரின் இடது கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, முழங்காலை மடக்கி, சீட்டோடு ஒட்டிப் பின்னால் வைத்தார். பிறகு கிருபாகரனின் தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்து, அந்தக் கால் மறுபடி நழுவி வராதபடி முட்டுக்கொடுத்தார்.