மூத்த மாப்பிள்ளையின் வண்டி

என் பழைய பெட்ரோல் காருக்கு கேஸ் சிலிண்டர் மாட்டிய புதிதில், சிதம்பரத்தில் மாமனார் வீட்டில் எனக்கு இருந்த மரியாதையே தனி. கடலூரிலிருந்து போய் இறங்கினால் அவரே வாசலுக்கு வந்து, "கேஸ்ல எவ்ளோ குடுக்குது மாப்ள?" என்பார். எத்தனால் கலந்த பெட்ரோலில் மைலேஜ் போய்விட்டது என்று தெருவே புலம்பிக்கொண்டிருந்த நேரம். நான் காலை நீட்டி உட்கார்ந்து விளக்குவேன். பெட்ரோல் பேருக்குத்தான், ஸ்டார்ட் ஆக ஒரு வாய் இருந்தால் போதும், மற்றதெல்லாம் கேஸ் பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைத்தவன் என் சகலை, மனைவியின் தங்கை கணவன். எலக்ட்ரிக் கார் வாங்கிவிட்டான். நான் கேஸ் பங்க் வரிசையில் வெயிலில் வெந்துகொண்டிருப்பேன். அவன் சிதம்பரத்தில் வீட்டு வாசலிலேயே, செல்போனுக்குப் போடுவதுபோல் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவான். மாமனாரின் கேள்வியெல்லாம் அவன் பக்கம் போய்விட்டது. எனக்கு வயிறு எரிந்தது. "வழியில நின்னா பக்கெட்ல கரண்ட் வாங்கியாருவியா?" என்று ஒருநாள் கேட்டேன். அவனும் சேர்ந்து சிரித்தான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு மச்சானுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை அழைப்பில் மாப்பிள்ளை உட்காரும் காரை மூத்த மருமகன்தான் ஓட்ட வேண்டும், அந்த வீட்டு வழக்கம் அது. சகலை கல்யாணத்தன்றுகூட அவனை உட்கார வைத்து ஓட்டியவன் நான்தான். இந்த முறை மாமியார் என் டிக்கியைத் திறந்து பார்த்தார்.

"சிலிண்டரே ஒக்காந்திருக்குதே, வரிசத் தட்டெல்லாம் எங்க வெக்கிறது?"

மாமனார் என் முகத்தைப் பார்க்காமல், "சின்னவரு வண்டியிலயே ஏத்திடலாம். மாப்பிள்ளையும் அதுலயே வரட்டும்" என்றார். என் வண்டிக்குப் பெண்களை ஒதுக்கினார்கள்.

அன்று பங்கில் வரிசை நீளம். நிரப்பாமல், மிச்சமிருந்த கொஞ்சம் கேஸோடு கிளம்பி வந்துவிட்டேன். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலம். முன்னால் தவில், நாதஸ்வரம், அதன் பின்னால் சகலையின் கார், அதற்குப் பின்னால் நான். ஊர்ந்து ஊர்ந்து, ஏசி போட்டு, விளக்குப் போட்டுப் போனால் சார்ஜ் இறங்கத்தானே வேண்டும்? நடுத்தெருவில் நிற்கட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

கீழ வீதி முனையில் வண்டி நின்றது. என்னுடையது. கேஸ் தீர்ந்து பெட்ரோலுக்கு மாறியது, பெட்ரோல் இருந்தால்தானே? "பெட்ரோல் போட்டீங்களா?" என்று பின்னாலிருந்து மனைவி கேட்டாள். நான் சாவியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

சகலை தன் காரை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். "சகல, நீங்க போயி அத ஓட்டுங்க. நான் இத ஓரமா தள்ளி வுட்டுட்டு வரேன்." வேட்டியை மடித்துக் கட்டினான்.

அவன் சீட்டில் உட்கார்ந்தேன். என்ஜின் சத்தமே இல்லை. தவில் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. சார்ஜ் இறங்கின மாதிரியே தெரியவில்லை. ஓட்ட ஓட்ட ஆசை வந்தது, ஆசை வர வரக் கோபமும் வந்தது. பின்சீட்டில் மாலையோடு இருந்த மச்சான், "மாமா, நீங்களும் இதுமாரி ஒண்ணு எடுத்துடுங்க" என்றான். கண்ணாடியில் அவனை முறைத்தேன்.

மண்டப வாசலில் பெண்ணின் சித்தப்பா கதவைத் திறந்துவிட்டார். "வண்டி சூப்பரா இருக்குதுங்க. உங்களுதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சகலை வந்து சேர்ந்துவிட்டான். சட்டையெல்லாம் வியர்வை, கையெல்லாம் கறுப்பு.

"அவுரு வண்டிதாங்க," என்றான். "எங்க வூட்டு மூத்த மாப்ள."

நல்ல கார் மட்டும் வைத்திருந்து, நல்ல மனசு இல்லாமல் இருந்திருந்தால்கூட அவனைப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.