இரண்டு அங்குலம் இறக்கிய காரில் கல்மரம் பார்க்கப் போன கதை

அழகுக்காகக் காரின் ஸ்பிரிங்கை மாற்றித் தாழ்த்தி வைத்திருக்கும் என்னைப் போன்ற ஆசாமிகளுக்கான பதிவு இது. மற்றவர்கள் சிரித்துக்கொண்டே படிக்கலாம். என் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த தரை இடைவெளி ஆறரை அங்குலம். நான் அதில் இரண்டைக் குறைத்தேன். அதோடு நில்லாமல் தடித்த சைலன்சர் பைப் ஒன்றையும் மாட்டினேன். அது தொங்கும் இடத்தில் தரைக்கு மேல் மூன்றரை அங்குலம்தான் மிச்சம்.

என் மனைவி மலர்விழி அறிவியல் ஆசிரியை. புதைபடிவப் பாடம் வரும்போதெல்லாம் சாத்தனூர் கல்மரத்தைப் பார்க்க வேண்டும் என்பாள். திருச்சியிலிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். "உள்ரோடு, வேகத்தடை ஜாஸ்தி, பைப் அடிபடும்" என்றே ஆறு வருஷம் கடத்தினேன். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. சென்ற மாதம் சக ஆசிரியைகளோடு வேனில் போவது பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் வரவில்லையா என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பார்கள் போல. "இல்லப்பா, அவருக்குக் கார் இருக்கு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. தை மாதக் கடைசி சனிக்கிழமை நானே கூட்டிப் போகிறேன் என்றேன். "பாப்போம்" என்றாள்.

காலை 6.40க்குக் கிளம்பினோம். சிறுவாச்சூரில் 7.50க்கு இட்லியும் காபியும், இருவருக்கும் 140 ரூபாய். திங்களும் வெள்ளியும் காளி கோயில் கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. சனிக்கிழமை என்பதால் ஊர் காலியாக இருந்தது. அங்கிருந்து கிழக்கே திரும்பும் உள்ரோட்டில் பதினான்கு வேகத்தடைகளை எண்ணினேன். ஒவ்வொன்றிலும் காரைக் குறுக்காகச் சாய்த்து ஏற்றி இறக்கினேன். ஆறு தடைகளில் பைப் உரசியது. மலர்விழி ஜன்னல் வழியே பருத்திக்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

9.20 இருக்கும். ரோட்டின் முழு அகலத்துக்கும் காய்ந்த உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகள் மேலே ஏறினால் காய் உடைந்து பருப்பு உதிரும், ஆள்கூலி மிச்சம். நான் தயங்கி நின்றேன். நுனி பிளந்த கவைக்கம்பால் செடியைப் புரட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"ஏத்துங்க சார், ஒண்ணும் ஆவாது."

மற்ற வண்டிகளுக்கு ஒன்றும் ஆகாதுதான். நூறடி போவதற்குள் காரின் அடியில் சரசரவென்று சத்தம். பின்னால் பைக்கில் வந்தவர் பக்கவாட்டில் வந்து கண்ணாடியைத் தட்டினார். "சார், அடியில புகையுது. எறங்குங்க."

ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கொதித்துக் கிடந்த பைப்பில் உளுந்துச் செடி சுற்றிக்கொண்டு பற்றியிருந்தது. காரோ பரப்பிய உளுந்துக்கு நட்டநடுவில் நின்றது. தீ கீழே விழுந்தால் காரும் போகும், அந்தக் குடும்பத்தின் ஒரு போக விளைச்சலும் போகும். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு மரமாக நின்றேன்.

அந்த அம்மாவின் பெயர் செல்வாம்பாள் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். தன் உளுந்தை வாரி ஒதுக்கத்தான் ஓடுவார் என்று நினைத்தேன். அவர் நேராகக் காரிடம் வந்து கம்பை அடியில் விட்டார். கவை உள்ளே நுழையவில்லை. "என்னா சார் வண்டி இது, கையே போவல" என்றவர், திரும்பிச் சத்தம் போட்டார். "அல்லாரும் வாங்கப்பா, தூக்குங்க."

களத்து ஆட்கள் ஐந்து பேர், பைக்கில் வந்தவர்கள் இரண்டு பேர். ஒரு பக்கத்தைப் பிடித்து ஒரே மூச்சில் தூக்கி, டயருக்கு அடியில் கல்லைக் கொடுத்தார்கள். நான் காசு கொடுத்து இரண்டு அங்குலம் இறக்கிய வண்டியை அவர்கள் சும்மா ஒரு அடி உயர்த்தினார்கள். செல்வாம்பாள் தரையில் படுத்து எரிகிற செடியை இழுத்து இழுத்து வெளியே போட்டார், மேலே மண்ணை வாரி இறைத்தார். மலர்விழி களத்துப் பெண்களோடு சேர்ந்து சுற்றியிருந்த உளுந்தை வாரி ஒதுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று நிமிடத்தில் எல்லாம் அடங்கியது. முன்பின் தெரியாத ஆளின் காருக்காக ஒருவர் நெருப்புக்குள் கையை விடுவதை அன்றுதான் பார்த்தேன். அதை எப்படிச் சொல்வது என்று இன்றும் தெரியவில்லை.

செல்வாம்பாளிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஒரு படி உளுந்து போயிருக்கும், வுடுங்க. நாங்கதான ஏத்துங்கன்னு கையக் காட்டுனோம்" என்றார்.

பைப்பைத் தாங்கும் ரப்பர் கருகி, பைப் தரையில் கிடந்தது. கல்மரத்துக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர். "திரும்பிடலாம் மலர்" என்றேன். அவள் காரிலிருந்து பையை எடுத்துக்கொண்டாள். எங்கே போகிறோம் என்று செல்வாம்பாள் கேட்டார். சொன்னேன்.

"எங்கூட்டுக்காரரு அந்தப் பக்கந்தான் டிராக்டர் எடுக்குறாரு. ஏறிக்கங்க. வண்டி கெடக்கட்டும், ஆறட்டும்."

நான் யோசித்து முடிப்பதற்குள் மலர்விழி டிரெய்லரில் ஏறியிருந்தாள்.

இருபத்தைந்து நிமிடப் பயணம். ஒரு வேகத்தடையையும் நான் எண்ணவில்லை. நாங்கள் போன அன்று டிக்கெட் யாரும் கேட்கவில்லை. ஓடைக்குள் கிடக்கிறது கல்மரம். பதினெட்டு மீட்டர், பன்னிரண்டு கோடி வருஷம். படித்தபோது இவை வெறும் எண்கள். எதிரே நின்றபோது உடம்பு சிலிர்த்தது. மரப்பட்டையின் கோடுகூட அப்படியே இருக்கிறது, ஆனால் கல். மலர்விழி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நடந்தாள்.

"இங்கெல்லாம் கடலுங்க. நாம நிக்கிறது கடலுக்கு அடியில" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. டிராக்டரை நிறுத்திவிட்டு வந்த செல்வாம்பாளின் கணவர் பக்கத்தில் நின்றார். "பொறந்ததுலேருந்து இந்த வழியாத்தான் போறேன். எறங்கிப் பாத்ததில்லம்மா" என்றார். அவருக்கு அவள் அரைமணி நேரம் விளக்கினாள். நான் பின்னால் நின்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் அவள் பாடம் நடத்தி நான் பார்த்ததில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: தையிலும் மாசியிலும் உள்ரோட்டில் கதிரோ செடியோ பரப்பியிருந்தால், தாழ்ந்த வண்டியை ஏற்றாதீர்கள். இறங்கிச் சொன்னால் வழி ஒதுக்கித் தருவார்கள். ஏறிவிட்டால், தாண்டியதும் வெறுந்தரையில் நிறுத்தி அடியில் குனிந்து பாருங்கள். தண்ணீரும் நிழலும் சாத்தனூரில் எதிர்பார்க்க வேண்டாம். காருக்குத் திரும்பியதும் எங்கள் பைப்பைக் கட்டுக்கம்பியால் தூக்கிக் கட்டி, சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் இருபது வேகத்தில் உருட்டி, அரியலூரில் வெல்டிங் வைத்தோம். 350 ரூபாய், ஒன்றரை மணி நேரம்.

திங்கட்கிழமை பழைய ஸ்பிரிங்கை மாட்டச் சொல்லி வண்டியை விட்டேன். "லுக்கு போயிரும் சார்" என்றார் மெக்கானிக். போகட்டும் என்றேன். வீட்டில் மலர்விழியிடம் அடுத்து எங்கே போகலாம் என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு பழைய டைரியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். அதில் பதினோரு ஊர்களின் பெயர்கள் இருந்தன. அத்தனையும் உள்ரோட்டு ஊர்கள்.