லேப்டாப்பில் மாட்டிக்கொண்ட பேச்சு

பக்கவாதத்தில் என் மனைவிக்குப் பேச்சு போய்விட்டது. பிறகு ஒவ்வொரு சொல்லாகத் திரும்ப வந்தது. முதலில் "தண்ணி". அப்புறம் மகள் பெயர். வந்ததையெல்லாம் லேப்டாப்பில் பதிந்து வைத்தேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா அப்படித்தான் சொல்லியிருந்தார். அந்த லேப்டாப் ஒருநாள் என் பாஸ்வேர்டை ஏற்க மறுத்தது.

மகள் வீச இருந்த பழைய லேப்டாப் அது. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு கடை மாடியில், கம்ப்யூட்டர் விஷயத்தில் உதவச் சனிக்கிழமை கூடுகிறவர்கள்தான் லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தை அதில் என்னையே போட வைத்தார்கள். கிளமெண்டி வீட்டிலிருந்து மறுபடி அங்கேதான் ரயிலில் போனேன், பையை மடியில் வைத்துக்கொண்டு. முன்பு அந்தத் தெருவுக்கு லாரியில் வெங்காயம் கொண்டுபோவேன். மூட்டை இறக்கி முடிக்கிறவரை சீட்டிலேயே தூங்குவேன். அந்த லாரி நம்பர்தான் பாஸ்வேர்ட். இங்கிலீஷ் படித்ததில்லை. அந்த எழுத்துகள் மட்டும் கைக்குத் தெரியும்.

அங்கே உதவுகிறவர்கள் நம் கீபோர்டைத் தொடமாட்டார்கள். நாமேதான் தட்ட வேண்டும். முக்காடு போட்ட ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து, லாரிக் கதையையும் பொறுமையாகக் கேட்டார்.

"அடிங்க அங்கிள், பாக்குறேன்."

அடித்தேன். ஏற்கவில்லை.

அடுத்த மேசையில் லேப்டாப்பைப் பிரித்துப் போட்டிருந்தவர் திரும்பினார். "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்ருங்க அங்கிள். ஈஸி லா."

"உள்ள என் வீட்டம்மா பேச்சு இருக்கு தம்பி."

அவர் பிரித்துப் போட்ட லேப்டாப் பக்கம் குனிந்துகொண்டார்.

"லாரி ஓட்டுன கை, நம்பர மறக்காது," என்றார் அந்தப் பெண். "போன தடவ இங்க வந்து என்ன செஞ்சீங்க?"

"தமிழ் கீபோர்டு போட்டுக்கிட்டேன். எது எந்தச் சொல்லுன்னு மேல எழுதி வைக்கணும்ல."

"அதுக்கப்புறம் ஆஃப் பண்ணீங்களா?"

"மூடித்தான் வைப்பேன், அப்ப பாஸ்வேர்ட் கேக்காது. நேத்துதான் ஆஃப் பண்ணேன்."

அவர் திரையின் மேல் மூலையைக் காட்டினார். "அங்க பாருங்க, தமிழ்லயே நிக்குது. நீங்க இங்கிலீஷ்னு நெனச்சு அடிக்கிறீங்க, அது தமிழா எடுத்துக்குது. வெறும் புள்ளியா காட்டுனா யாருக்குத் தெரியும்? மாத்துங்க. நான் தொடமாட்டேன்."

மாற்றினேன். திறந்துகொண்டது. முதல் பதிவை ஓடவிட்டேன். "தண்ணி" என்றாள் என் மனைவி, அந்த மாடிச் சத்தத்துக்கு நடுவில்.

அடுத்த மேசைக்காரர் எழுந்தார். "அழிக்கச் சொன்னேன்ல, ஒரு கப் தே நான் வாங்கித் தர்றேன் அங்கிள்."

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உதட்டைக் கூட்டி மெதுவாக, "ஆச்சா?" என்றாள்.

புதுச் சொல். நான் செருப்புகூடக் கழற்றவில்லை. அவசரமாக லேப்டாப்பைத் திறந்து, பதிவு பட்டனை அழுத்தி, அவள் பக்கம் நகர்த்தினேன்.

"இன்னொரு தடவ சொல்லு."

என்னை முறைத்தாள்.

"போங்க."

அதுவும் புதுச் சொல்தான். பதிவாகிவிட்டது.