இரண்டாம் மாடித் தாடிக்காரர்

ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிற எங்களுக்கு ஆட்களின் முகத்தைவிட அவர்கள் படுத்தெழும்பின விரிப்புத்தான் கூடப் பழக்கம். இந்த வேலை செய்கிற உங்களுக்கு அதை நான் சொல்லத் தேவையில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேருக்கு முன்னால் கதைக்கக் கூச்சம். தொண்ணூறுகளில் இத்தாலியில் பலெர்மோ துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பழைய ஹோட்டலில், கொஞ்ச நாள் பார்த்துத்தான் எடுப்போம் என்று சொல்லி என்னை வைத்தார்கள். மேற்பார்வை பார்க்கிற சிஞ்ஞோராவுக்குப் பிடித்தால் நிரந்தர வேலைக் கடிதம். அந்தக் கடிதம் இருந்தால்தான் இந்த நாட்டில் இருக்கிறதுக்கான அனுமதி, பெர்மெஸ்ஸோ, கிடைக்கும். இடுப்பில் கைக்குழந்தை. அதனால் வாயே திறக்காமல் வேலை செய்தேன்.

படத்துக்குப் பூ

இரண்டாம் மாடியில் ஆட்கள் தங்காமல் பார்க்க மட்டும் வருகிற ஒரு அறை. சுவரில் தாடி வைத்த ஒருவரின் பெரிய படம், கீழே சின்ன விளக்கு, மேசையைச் சுற்றிச் சிவப்புக் கயிறு. வெள்ளைக்காரர் வந்தால் தொப்பியைக் கழற்றிவிட்டு மெல்லமாய்த்தான் கதைப்பார்கள். ஒரு மனுசி கண்ணைத் துடைத்ததையும் கண்டேன். இந்த ஊரில் சந்திக்குச் சந்தி புனிதர்களுக்குக் கூடு கட்டி விளக்கு வைத்திருக்கிறார்கள். நான் மன்னார்க் கத்தோலிக்க வேதக்காரி, வேறென்ன நினைப்பேன்? சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போவேன். படத்துக்குக் கீழே கிளாசில் ஒரு பூ வைப்பேன்.

ஒருநாள் சிலுவை போட்டுக்கொண்டு நிற்க, என்னோடு வேலை செய்கிற யாழ்ப்பாணத்துச் சரோசா அக்கா பின்னால் வந்துவிட்டா. "உவர் ஆரெண்டு நினைச்சுக் கும்பிடுறாய்? கதைப் புத்தகம் எழுதின பெரிய மனுசனடி. இஞ்சை தங்கியிருந்து எழுதினவராம். மூண்டு தரம் கலியாணமும் கட்டினவர்."

எந்தப் புத்தகம்?

பூ வைக்கிறதை உடனே விட்டால் சிஞ்ஞோரா ஏனென்று கேட்பாவோ என்ற பயத்தில் தொடர்ந்து வைத்தேன். அதைக் கண்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நின்று நிதானமாய் இத்தாலியனில் கேட்டார், அவருடைய எந்தப் புத்தகம் உனக்கு நல்ல விருப்பம் என்று. எனக்கு ஒரு புத்தகத்தின் பெயரும் தெரியாது. மேசையில் இருந்த அவருடைய புத்தகங்களுக்குள் ஆகத் தடித்ததைக் காட்டினேன். கிழவர் மனைவியைக் கூப்பிட்டார். "இங்கே பார், நான் பாதியில் மூடி வைத்ததை இந்தப் பிள்ளை முடித்திருக்கிறது."

நேர்த்தி

சரோசா அக்கா எனக்குச் சொல்ல முதலே, மாதா கோயிலில் ஒரே ஒரு ஆளிடம், எங்கள் ஹோட்டலில் ஒரு தாடிக்காரப் புனிதர் இருக்கிறார் என்று கதைத்திருந்தேன். போர்கோ வெக்கியோவில் எங்களுக்குப் பக்கத்து வீட்டு மெற்றில்டா அக்கா. புருசனின் பெர்மெஸ்ஸோவைக் குவெஸ்துரா பொலிஸ் கந்தோரில் மறுத்துவிட்டார்கள் என்று அழுதுகொண்டு திரிந்தவ. உண்மை தெரிந்த பிறகும் அவவிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஒரு காலை வரவேற்பு மேசையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். பட்டுச் சீலையில் மெற்றில்டா அக்கா. நேர்த்திக்கடன் தீர்க்க ஒரு கையில் என் பிள்ளை உயரத்துக்கு மெழுகுதிரி, மற்றக் கையில் சட்டி நிறைய அவித்த கடலை. பெட்டியோடு வந்த வெள்ளைக்காரர் எல்லாம் எங்களைத்தான் பார்க்கிறார்கள். அவ பெரிய குரலில் கேட்டா: "தங்கச்சி, அவருக்குப் பெர்மெஸ்ஸோ கிடைச்சிட்டுது. எங்கை உன்ரை தாடிக்காரப் புனிதர்?"

கதவைச் சாத்திவிட்டு

சிஞ்ஞோரா எங்கள் இரண்டு பேரையும் தன் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினா. வேலைக் கடிதம் போச்சு என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு, தெரிந்த அரைகுறை இத்தாலியனில் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு மெற்றில்டா அக்காவுக்குத் தமிழில், அவர் புனிதர் இல்லையக்கா என்றேன். அவ முழங்கையால் இடித்தா. "அப்ப பெர்மெஸ்ஸோ தந்தது ஆரடி, உன்ரை அப்பரோ?"

சிஞ்ஞோரா சிரிக்கவில்லை. அவவின் மகன் கனகாலமாய் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். மெழுகுதிரியையே பார்த்துக்கொண்டிருந்தவ, வெளியே கேட்காத குரலில் மெற்றில்டா அக்காவிடம் கேட்டா: "கேட்டு எத்தனை நாளில் கிடைத்தது?"

எனக்குக் கடிதம் கிடைத்தது, அதற்குப் பிறகு கிளாசில் சிஞ்ஞோராவின் பூவும் சேர்ந்தது, ஆனால் நான் அந்தப் படத்தைத் தலை குனிந்து கடந்து போனது பக்தியால் இல்லை, வெட்கத்தால்.