மாமாவின் காலும் அத்தையின் மூச்சும்

எங்கள் தெருவில் பட்டுப் பாவு போடுகிற காலை என்றால் ஆடுகளுக்குக் கொண்டாட்டம். பாவு என்பது சேலையின் நீளத்துக்கு ஓடும் இழைகள். விடிந்ததும் அதைத் தெரு நெடுக இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தெளித்துக் காயவைப்பார்கள். கஞ்சி வாசனைக்கு ஆடுகள் வந்துவிடும். ஒன்று உள்ளே புகுந்து கொம்பை ஆட்டினால் போதும், இழைகள் அறுந்துபோகும். அன்றைய பாவு ஒரு கல்யாணச் சேலைக்கு. அது கெட்டால் முதலாளி இனி அப்பாவுக்குப் பட்டே தரமாட்டார் என்று வீட்டில் எல்லோருக்கும் பயம்.

வழக்கமாக ஆடு விரட்டுவது அப்பாவின் தங்கை, என் அத்தை. எங்களோடுதான் இருந்தாள். அன்று வாலாஜாபாத்திலிருந்து அம்மாவின் தம்பி வந்திருந்தார். பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில் முதலாக வந்தவர்.

“நீ உக்காருக்கா. என்னைப் பாத்தாலே ஆடு ஓடிடும்” என்றார் மாமா அத்தையிடம்.

முதலில் அப்படித்தான் நடந்தது. இந்த முனையில் ஓர் ஆடு தலை நீட்டும். மாமா போன புழுதிதான் தெரியும். உடனே அந்த முனையில் இன்னொன்று. அங்கே ஓடினால் மறுபடியும் இங்கே. நடுவில் நின்று மூச்சு வாங்க ஆடுகள் விடவில்லை. போகப்போக மாமாவின் கால் மண்ணில் இழுபட்டது. கடைசியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“ஆடு உள்ள பூந்துக்கினு இருக்குதுப்பா!” என்று கஞ்சிக் கையோடு நகர முடியாத அப்பா கத்தினார்.

“பரிசு வாங்கின காலு எங்கடா போச்சு?” என்றாள் அம்மா.

“காலு இருக்குதுக்கா. மூச்சுதான் திரும்பல.”

அத்தை புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். மாமாவின் வேகம் அவளுக்கு இல்லை. ஆனால் முதல் ஓட்டம் எப்படியோ கடைசி ஓட்டமும் அப்படியே. ஓர் ஆட்டை விரட்டிவிட்டுத் திரும்புவதற்குள் மூச்சு அடங்கிவிடும். அடுத்ததற்குப் புதிதாக ஓடுவாள். ஓர் இழைகூட அறுந்துபோகவில்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவைச் சுருட்டிய பிறகு இரண்டு பேரையும் கெஞ்சி, கொல்லையில் கிணற்றடிவரை ஓடச் சொன்னேன். மாமாதான் ஜெயித்தார், அதுவும் வெகு சுலபமாக. குழப்பம் இன்னும் கூடிவிட்டது. இவ்வளவு வேகமானவர் ஆடுகளிடம் மட்டும் எப்படித் தோற்றார்?

மாமாவுக்கும் அதே சந்தேகம். “எங்கேர்ந்துக்கா உனக்கு இவ்ளோ மூச்சு?”

“கூரத்துக்கு நடந்து நடந்து போய்வரேனே தம்பி, அதான்” என்றாள் அத்தை. கூரம் எங்கள் ஊரிலிருந்து வெகு தூரம் தள்ளியிருக்கும் கிராமம். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“என்னையும் கூரத்துக்குக் கூட்டிக்கினு போ அத்தை” என்று நான் அவள் புடவையைப் பிடித்தேன்.

“வேணாம்மா. உன்னைப் பாத்தா அவனும் கூட வரேன்னு அழுவான்.”

எவன் என்று எனக்குத் தெரியவில்லை. புகுந்த வீட்டார் அத்தையை அனுப்பிவிட்டு, அவள் பிள்ளையை மட்டும் கூரத்தில் வைத்துக்கொண்டதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்தப் பாதையில் ஓட்டம் பழக ஏதோ வித்தை இருக்கிறது, அதை எனக்குக் காட்டாமல் மறைக்கிறாள் என்று நினைத்து, அன்று பொழுது சாயும்வரை நான் அவளோடு பேசவே இல்லை.